அத்தியாயம் 7: தேய்ந்த கிளச்சைக் கழற்றி மாற்றுதல்

நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்து மண்டிகளுக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் இறக்கி வருகிற பிக்கப் வண்டிகளில், ஒரே மாதத்தில் வாங்கி ஒரே பாதையில் ஓடும் இரண்டில் ஒன்றன் கிளச் லட்சம் கிலோமீட்டர் கடந்தும் சலிக்காமல் உழைக்க, மற்றதன் கிளச் அதில் பாதித் தூரத்துக்குள்ளேயே கருகிப் போவதுண்டு. கொண்டை ஊசி வளைவில் ஏற்றத்தை நோக்கி நிற்கும்போது பிரேக்கை உபயோகிக்காமல், பெடலைப் பாதி மிதித்த நிலையிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கம் பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். ஓட்டும் முறை வேறோர் அத்தியாயத்துக்கு உரிய விஷயம். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது ஒன்றே இங்கு நம் காரியம்.

எஞ்சின் முன்புறத்தில் நீளவாக்கில் அமர்ந்து, அதன் பின்னே கியர்பாக்ஸும், அதிலிருந்து பின் அச்சு வரை புரொப்பல்லர் ஷாஃப்டும் செல்லும் பழைய வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தும்: மஹிந்திரா பொலிரோ பிக்கப், டாடா 207, பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை எல்லாம் இந்த அமைப்பைச் சேர்ந்தவையே. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியில் கியர்பாக்ஸோடு இன்னொரு பெட்டியும் சேர்ந்திருப்பதால் பாரமும் சிக்கலும் அதிகம். முதன்முதலாக இந்த வேலையில் இறங்குகிறவர் அதைத் தொடாதிருப்பது நலம்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கிளச் மாற்றுவதில் உள்ள பிரயாசையெல்லாம் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதிலேயே இருக்கிறது. அதை இறக்கிவிட்டால் பிளேட்டை மாற்றுவது அரைமணி நேரத்து வேலை. ஆகையால், பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, பழைய ரிலீஸ் பேரிங்கையும் கசியத் தொடங்கிய ஆயில் சீலையும் சிக்கனம் கருதி அப்படியே விட்டுவிடுகிறவர், சில மாதங்களில் அதே கியர்பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டிய துர்ப்பாக்கியத்துக்கு ஆளாகிறார்.

பழுது கிளச்சில்தானா?

கியர்பாக்ஸை இறக்கிய பிறகு, குற்றம் வெளியே தொங்கும் ஒரு கேபிளில்தான் இருந்தது என்று கண்டறிவதைப் போல் மனச்சோர்வு தருவது வேறில்லை. எனவே பின்வரும் பரீட்சைகளை நிதானமாகச் செய்து பார்க்கவும்.

வழுக்கல்: ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சினின் இரைச்சல் கூடுகிறது, வேகம் கூடவில்லை, கருகிய வாடையும் வருகிறது என்றால் கிளச் வழுக்குகிறது. ஊர்ஜிதம் செய்துகொள்ள, ஆளில்லாத சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மேல் கியரில் போட்டுப் பெடலை மெதுவாக விடவும். நல்ல கிளச்சானால் எஞ்சின் உடனே நின்றுவிடும்; நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இதை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் மிஞ்சியிருப்பதும் கருகும். வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது.

இழுபறி: பெடலை முழுதும் மிதித்தும் கியர் விழாமல், முக்கியமாக ரிவர்ஸில் கரகரவென்று உரசினால், கிளச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். இதற்குப் பிளேட் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசிவதும், கேபிள் நீண்டு போவதும் இதே லட்சணத்தைக் காட்டும். பெடலுக்கு மேலேயும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள்ளேயும் ஈரமிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

சத்தம்: பெடலை மிதிக்கும்போது எழுந்து, விட்டதும் மறையும் சத்தம் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கினுடையது. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்ததும் அடங்குமானால், கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கவும். அதற்குக் கிளச் மாற்றுவது பரிகாரமாகாது.

கேபிள் வைத்த வண்டியாக இருந்தால், எல்லாவற்றுக்கும் முன்பாகப் பெடலின் ஃப்ரீ பிளேயை அளந்து பாருங்கள். கையால் அழுத்தினால் எதிர்ப்பு ஏற்படும் வரை பெடல் பொதுவாக 15 முதல் 25 மி.மீ. வரை லேசாக இறங்க வேண்டும். உங்கள் மாடலுக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளி அறவே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டேயிருந்து, நல்ல பிளேட்டையும் வழுக்கச் செய்யும். ஒரு நட்டைத் திருகுவதோடு பழுது தீர்ந்துவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு.

சேகரித்து வைக்க வேண்டியவை

உதிரிபாகங்களில் கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக வாங்குவது உத்தமம். அவற்றோடு பைலட் பேரிங், எஞ்சினின் பின்புற ஆயில் சீல், கியர்பாக்ஸின் முன்புற ஆயில் சீல், கையேட்டில் குறித்த தரத்தில் கியர் ஆயில் ஆகியவையும் கைவசம் இருக்கட்டும். கடைக்காரரிடம் வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயருள்ள வண்டிக்கு வருஷத்துக்கு வருஷம் பிளேட்டின் விட்டமும் நடுவேயுள்ள பற்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கும். சேஸிஸ் எண்ணைக் கொண்டுபோவதே நிச்சயமான வழி.

உபகரணங்களில் ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட்டுகள், ராட்செட்டும் நீண்ட எக்ஸ்டென்ஷனும், டார்க் ரெஞ்ச், டிராலி ஜாக்கி, 4 ஸ்டாண்டுகள், சக்கரக் கட்டைகள், கியர்பாக்ஸ் ஜாக்கி, பிளேட்டை மையப்படுத்தும் டம்மி ஷாஃப்ட், பிரேக் கிளீனர் ஸ்பிரே, பி-100 வடிகட்டி பொருத்திய முகமூடி, கண்ணாடி ஆகியவை அவசியம். கியர்பாக்ஸ் ஜாக்கியை வாடகைக்கு எடுக்கலாம். டம்மி ஷாஃப்ட் கிடைக்காவிட்டால், அதே மாடலின் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் தேடி வாங்கி வந்தால், அதைவிடச் சிறந்த டம்மி வேறு எதுவுமில்லை.

உயிருக்கு ஆபத்தானவை மூன்று

முதலாவது, வண்டி மேலே விழுவது. ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தும் வழக்கத்தைக் கண்டிப்பாக விலக்க வேண்டும். அவை விரிசல் விட்டுப் பின் விழுவதில்லை, முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும்.

இரண்டாவது, கியர்பாக்ஸ் மார்பில் விழுவது. அதன் எடை மாடலைப் பொறுத்து 35 முதல் 50 கிலோ வரை இருக்கும். படுத்தபடி அதை இரு கைகளாலும் ஏந்தி இறக்குகிற மெக்கானிக்குகளைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். அவர்களது திறமையை வியக்கலாம், பின்பற்ற வேண்டாம்.

மூன்றாவது தூசி. பழைய கிளச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிப் பல வருஷங்களுக்குப் பிறகு புற்றுநோயைக்கூட விளைவிக்க வல்லவை. உங்கள் பிளேட்டில் அது இல்லையென்று நிச்சயமாகத் தெரியாத வரையில், இருக்கிறது என்றே பாவித்து நடந்துகொள்ளுங்கள். உள்ளே படிந்த கரித்தூளைக் காற்றடித்து ஊதவோ உலர்ந்த துணியால் தட்டவோ கூடாது. ஸ்பிரேயால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையிலிட்டுக் கட்டிவிட வேண்டும்.

கியர்பாக்ஸை இறக்கும் கிரமம்

1. சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை போடவும். முன்னும் பின்னும் ஒவ்வொன்றாகத் தூக்கி, சேஸிஸின் அடியில் 4 ஸ்டாண்டுகளைக் கொடுக்கவும். அடியில் நுழையுமுன் வண்டியை இரு கைகளாலும் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடுவதானால் இப்போதே ஆடட்டும்.

2. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கவும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வரும் வயரில் எப்போதும் மின்சாரம் இருக்குமாதலால், இதை மறந்து ஸ்பேனரை அதில் பட விட்டால் தீப்பொறி பறக்கும்.

3. உள்ளே கியர் லிவரின் ரப்பர் உறையைப் பிரித்து, லிவரைக் கழற்றி, திறந்த துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடவும்.

4. கியர் ஆயிலை வடித்துவிடவும். சில வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்டின் முனை கியர்பாக்ஸுக்குள்ளேயே செருகியிருக்கும். ஆயிலை வடிக்காமல் அதை உருவினால் முழுதும் உங்கள் முகத்தில்தான் கொட்டும்.

5. புரொப்பல்லர் ஷாஃப்டின் ஃபிளாஞ்சுகள் சேரும் இடத்தில் பெயின்டால் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் போல்ட்டுகளைக் கழற்றவும். இந்தக் கோட்டின்படியே திரும்பப் பூட்டாவிட்டால், முன்பில்லாத அதிர்வு ஒன்று வண்டியில் குடியேறக்கூடும்.

6. ஸ்பீடாமீட்டர் கேபிளையும் ரிவர்ஸ் விளக்கின் வயரையும் எடுக்கவும். ஸ்லேவ் சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, குழாயைப் பிரிக்காமல், கம்பியால் ஓரமாகக் கட்டித் தொங்கவிடவும். இதன் பிறகு எவரும் பெடலை மிதிக்கலாகாது. மிதித்தால் பிஸ்டன் தெறித்து வெளியே வரும். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகள் முதலில் ஏறி உட்காருவது ஓட்டுநர் ஸீட்டில்தான் என்பதால், கதவைப் பூட்டி வைப்பது புத்திசாலித்தனம்.

7. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கட்டி வைக்கவும். வழியில் குறுக்கிட்டால், சைலன்ஸர் குழாயின் கிளாம்ப்பையும் தளர்த்தவும்.

8. எஞ்சினின் சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் லேசாகத் தாங்கவும். பின் ஆதாரம் போனதும் எஞ்சின் பின்புறம் சாயும். அப்போது முன்னேயுள்ள ஃபேன் ரேடியேட்டரில் உரசாமலும் ஹோஸ்கள் இழுபடாமலும் ஒருவர் மேலிருந்து கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

9. கியர்பாக்ஸ் ஜாக்கியைக் கொடுத்து, சங்கிலியால் கட்டியபின் கிராஸ் மெம்பரைக் கழற்றவும்.

10. பெல் ஹவுசிங்கைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றவும். மேலேயுள்ளவை எட்டாவிட்டால், எஞ்சின் சாய்ந்திருக்கும் அந்த நிலையில் பின்பக்கத்திலிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷனைச் செலுத்தினால் வந்துவிடும். கடைசி இரண்டையும் எடுத்தபின், கியர்பாக்ஸை நேராகப் பின்னோக்கி இழுத்து, அதன் ஷாஃப்ட் பிரஷர் பிளேட்டை விட்டு முற்றும் வெளிவந்த பிறகே கீழே இறக்கவும்.

குறிப்பு: போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும். ஓர் அட்டையில் பெல் ஹவுசிங்கின் உருவத்தை வரைந்து, கழற்றியவற்றை அந்தந்த ஸ்தானத்தில் குத்தி வைத்தால், திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இராது.

உள்ளே காண்பவை

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, ஒவ்வொன்றையும் அரைத் திருகு மட்டும் தளர்த்திக்கொண்டே சுற்றி வரவும்; ஒரு பக்கத்தை முழுதும் கழற்றினால் மூடி வளைந்துவிடும். கடைசியில் பிளேட் கனத்தோடு கீழே விழுமாதலால் ஒரு கையால் தாங்கிக்கொள்ளவும்.

கழற்றிய பிளேட்டை வீசி எறியாதீர்கள். பழுதின் வரலாறு முழுதும் அதில்தான் இருக்கிறது. ரிவெட்டின் தலைக்கும் லைனிங்கின் பரப்புக்கும் உள்ள ஆழம் 0.3 மி.மீ. ஆகிவிட்டால் பிளேட் முடிந்தது என்பது பல உற்பத்தியாளர்கள் விதித்திருக்கும் எல்லை. அந்த ஆழம் தாராளமாக இருந்தும் கிளச் வழுக்கியிருந்தால், லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று ஆராய வேண்டும். கறுத்து நீர்த்த எண்ணெயானால் எஞ்சினின் பின் சீலும், கெட்டியாகக் கந்தக நெடி வீசுமானால் கியர்பாக்ஸின் முன் சீலும் குற்றவாளி. அதைச் சரிசெய்யாமல் புதிய பிளேட்டைப் பூட்டினால் அதுவும் அதே கதியை அடையும்.

ஃபிளைவீலின் பரப்பில் நீலநிறத் திட்டுகளோ பள்ளமான வளையங்களோ தெரிந்தால், அதைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் ஆழமான வெடிப்பு இருந்தால் சீவுவதால் பயனில்லை. வேறு ஃபிளைவீல்தான் போட வேண்டும், ஏனெனில் முழு வேகத்தில் சுழலும் வார்ப்பிரும்பு உடைந்தால் பெல் ஹவுசிங்கையும் பிளந்துகொண்டு வெளியே வரும். கழற்றுமுன் அதன் ஸ்தானத்தையும் குறித்துக்கொள்ளவும். திரும்பப் பூட்டும்போது கையேடு சொல்லும் இறுக்கத்தை அணுவளவும் மாற்ற வேண்டாம்.

கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருக்கும் பைலட் பேரிங்கை எடுக்கப் புல்லர் இல்லாதவர்களுக்குப் பட்டறைக்காரர்களின் பழைய உபாயம் ஒன்று உண்டு. அது புஷ் வகையாகவோ இடைவெளியில்லாத மூடிய பேரிங்காகவோ இருந்தால், அதன் துவாரம் நிறையக் கிரீஸை அடைத்து, துவாரத்துக்குச் சரியாகப் பொருந்தும் உருண்டைக் கம்பியை நுழைத்துச் சுத்தியலால் அடித்தால், வெளியேற வழியற்ற கிரீஸ் பின்னாலிருந்து பேரிங்கைத் தள்ளிவிடும். கம்பி தளர்வாக இருந்தால் கிரீஸ் பக்கவாட்டில் பீறிட்டு வரும், கண்ணாடி அணிந்துகொள்ளவும்.

பொருத்தும் கிரமம்

1. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவும். புதிய பிளேட்டின் லைனிங்கில் படும் எண்ணெய் விரல் ஒன்றே பின்னாளில் வண்டி கிளம்பும்போதெல்லாம் நடுங்குவதற்குப் போதுமானது. ஃபிளைவீலிலும் புதிய பிரஷர் பிளேட்டிலும் துருப்பிடிக்காதிருக்கத் தடவியிருக்கும் எண்ணெயையும் கிளீனரால் முற்றும் துடைத்துவிடவும்.

2. புதிய பிளேட்டைப் பழையதன்மேல் வைத்து விட்டத்தை ஒப்பிட்டு, கியர்பாக்ஸ் ஷாஃப்டில் செருகி, பற்களில் தடையின்றி நழுவுகிறதா என்றும் பார்க்கவும். வண்டி அடியில் படுத்த பிறகு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதால் லாபமில்லை.

3. பைலட் பேரிங்கை அதன் வெளிவளையத்தில் மட்டும் படுகிற சாக்கெட்டை வைத்து அடித்து ஏற்றவும்.

4. பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலை நோக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலேயே அச்சிட்டிருக்கும். அச்சு இல்லாவிட்டால், பிரஷர் பிளேட் இல்லாமல் ஃபிளைவீலின்மேல் கையால் வைத்துப் பாருங்கள். தவறான பக்கமானால் நடுக்குமிழ் ஃபிளைவீல் போல்ட்டுகளில் முட்டி, லைனிங் பரப்பில் படியாமல் நிற்கும். தலைகீழாகப் பூட்டிய பிளேட்டோடு கியர்பாக்ஸை ஏற்றி முடிப்பது இந்த வேலையில் புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே மிகவும் விலையுயர்ந்தது.

5. டம்மி ஷாஃப்டைப் பிளேட்டின் வழியே பைலட் பேரிங் வரை செலுத்தி, பிரஷர் பிளேட்டை அதன் டவல் பின்களில் அமர்த்தி, போல்ட்டுகளை முதலில் விரலாலும், பிறகு குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாகவும் இறுக்கவும். 8 மி.மீ. போல்ட்டுகளுக்கு இறுதி இறுக்கம் பொதுவாக 19 முதல் 25 நியூட்டன்-மீட்டர் வரை; பழைய பெட்ரோல் ஹைலக்ஸுக்கு 19. இறுக்கி முடித்ததும் டம்மி தங்குதடையின்றி உருவி வர வேண்டும். பிடித்துக்கொண்டால் மையம் தவறிவிட்டது, மீண்டும் தளர்த்தித் தொடங்கவும்.

6. ரிலீஸ் பேரிங்கை ஃபோர்க்கின் கிளிப்பில் சரியாக மாட்டவும். ஃபோர்க் தாங்கும் குமிழிலும் ஷாஃப்டின் பற்களிலும் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசி, மிகுதியைத் துடைத்துவிடவும். தாராளம் இங்கே குணமன்று. மிகுதியான கிரீஸ் சுழற்சியில் தெறித்து லைனிங்கைச் சேரும்.

7. கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்றி, எஞ்சினின் சாய்வுக்கும் அதன் சாய்வுக்கும் வித்தியாசமில்லாதபடி அமைத்து, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு முன்னே தள்ளவும். பற்கள் சேராவிட்டால், கியர் ஒன்றில் போட்டுப் பின் ஃபிளாஞ்சைக் கையால் சிறிது சுழற்றினால் சேரும்.

எச்சரிக்கை: கடைசி ஓரங்குலம் போகாமல் நிற்கையில், போல்ட்டுகளைப் பூட்டி இறுக்கி இழுத்துக்கொள்ளலாம் என்ற சபலம் எல்லோருக்கும் வரும். அதற்கு இணங்கினால் பெல் ஹவுசிங்கின் காது உடையும், அல்லது பிளேட்டின் நடுப்பகுதி நெளியும். மையமும் சாய்வும் சரியாக இருந்தால் கியர்பாக்ஸ் கையால் தள்ளியே முழுதும் அமர்ந்துவிடும். அமராவிட்டால் பின்னே இழுத்துக் காரணத்தைத் தேடவும். அதேபோல், பாதி நுழைந்த கியர்பாக்ஸை அதன் ஷாஃப்டிலேயே தொங்கவிட்டு இளைப்பாறப் போவதும் கூடாது. அந்தப் பாரம் முழுவதையும் புதிய பிளேட் சுமக்க நேரிடும்.

8. பெல் ஹவுசிங் போல்ட்டுகள், கிராஸ் மெம்பர், ஸ்டார்ட்டர், ஸ்லேவ் சிலிண்டர், வயர்கள், புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று கழற்றியதற்கு எதிர்க் கிரமத்தில் பூட்டவும். பெயின்ட் கோடுகள் ஒன்று சேரட்டும். கியர் ஆயிலைப் பக்கத் துவாரத்தில் வழியும் மட்டத்துக்கு ஊற்றி அடைக்கவும். பேட்டரி வயர் கடைசியில்.

பெடலும் முதல் ஓட்டமும்

கேபிள் வண்டியில் ஃப்ரீ பிளேயைப் புதிதாக அமைக்க வேண்டும். பழைய பிளேட்டுக்கு வைத்த அளவு புதியதற்குப் பொருந்தாது. ஸ்லேவ் சிலிண்டரின் குழாயைப் பிரிக்க நேர்ந்திருந்தால், ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க மற்றவர் பிளீடர் நிப்பிளைத் திறந்து மூடி, குமிழிகள் நிற்கும் வரை காற்றை வெளியேற்றவும். இதற்கு டாட் 3 அல்லது டாட் 4, கையேடு எதைச் சொல்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். பெயின்டில் சிந்தினால் அது பெயின்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும்.

வண்டியைத் தரையில் இறக்கிய பின்னரே எஞ்சினைக் கிளப்பவும். பெடலை முழுதும் மிதித்து, சில விநாடிகள் பொறுத்து ரிவர்ஸில் போட்டால் ஓசையின்றி விழ வேண்டும். உரசினால் ஃப்ரீ பிளே அதிகமாகவோ காற்று மிஞ்சியோ இருக்கலாம். கியர்பாக்ஸை மீண்டும் இறக்கும் எண்ணத்துக்கு அதற்குள் போய்விட வேண்டாம்.

முதல் 500 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றி மலைப்பாதையில் போவதைத் தவிர்க்கவும். புதிய லைனிங்கும் ஃபிளைவீலும் முழுப்பரப்பிலும் படிந்து சேர அந்த அவகாசம் வேண்டும். இந்தக் காலத்தில் சிறிது வாடை வருவது இயல்பு, வழுக்கல் இயல்பன்று. அதன் பிறகு ஒரு நாள் மறுபடியும் அடியில் படுத்து, புரொப்பல்லர் ஷாஃப்ட், கிராஸ் மெம்பர் போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சோதித்து, கேபிளின் ஃப்ரீ பிளேயை மீண்டும் அளந்து, பெல் ஹவுசிங்கின் அடித்துவாரத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் உலர்ந்திருந்தால் சீல்கள் சரியாக அமர்ந்துவிட்டன. ஈரம் ஒட்டினால், லைனிங்கை எட்டுமுன் அது எந்த எண்ணெய் என்று மோந்து பார்த்து, உரிய சீலை மாற்ற ஏற்பாடு செய்யவும்.